மூட்டை பிரியும் நேரம்

மூட்டை தரையில் விழும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது ஒரு ரூபாயா, பத்து ரூபாயா என்று சொல்லிவிடுவேன். ஒரு ரூபாய் மூட்டை 'சளக்' என்று சிதறிக் கேட்கும். பத்து ரூபாய் மூட்டை 'தொம்' என்று ஒரே அடியாக உட்காரும். "ரேஷன் கடையில அரிசி மூட்டை விழுந்தாலும் திரும்பிப் பாக்குற ஆளு இவரு" என்பது என் வீட்டுக்காரம்மாவின் சாட்சியம். இரண்டும் உண்மை.

அன்று கேட்டது 'தொம்'.

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளார் வங்கிக் கிளையில் கூட்டம் வடிந்திருந்தது. திங்கட்கிழமை போகக் கூடாது. மாதத் தொடக்கத்தில் போகவே கூடாது. முதியோர் உதவித்தொகைக்கும் நூறு நாள் வேலைக் கூலிக்கும் கால்கடுக்க நிற்பவர்கள் நடுவே போய் "மேடம், சில்லறை பாக்கெட் இருக்கா? சும்மா பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டால் கேஷியர் முறைப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் பாட்டி முறைப்பார். செவ்வாய் அல்லது புதன், மாதத்தின் நடுப்பகுதி, பிற்பகல். என் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் இதுதான்.

"இன்னா சார், இன்னிக்கும் சில்லறைதானா?" வாசலில் காவலாளி சிரித்தார். "ஊர்ல எல்லாம் நோட்டு கேட்டுக்கினு வருவாங்க. நீங்க ஒரு ஆளுதான் இரும்பு கேட்டுக்கினு வர்றீங்க."

இரும்பு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த 'இரும்பு' எத்தனை ஊர் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் அவரும் என்னோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்!

கூண்டுக்குள் ஒரு நிமிடம்

வங்கிச் சில்லறையில் அபூர்வக் காசு தேடும் இந்தப் பைத்தியத்துக்கு அமெரிக்காவில் வசதி அதிகம். அங்கே வங்கியில் நாணயங்களைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றித் தருகிறார்கள். கால் டாலர் என்றால் உருளைக்கு நாற்பது, மொத்தம் பத்து டாலர். பொழுதுபோக்காளர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, 1965-க்கு முந்தைய வெள்ளிக் காசு ஒன்றாவது சிக்குமா என்று உருளை உருளையாக உடைக்கிறார்கள். கிடைக்காவிட்டால் திரும்ப வங்கியிலேயே கட்டிவிடலாம்.

நம் ஊரில் உருளை கிடையாது, பாக்கெட்தான். நூறு காசு அடங்கிய பாலித்தீன் பாக்கெட். இது ஏதோ ஒரு கிளை கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை வங்கிகள் எடை போட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றும், நூறு நூறாகப் பாலித்தீன் பாக்கெட்டில் போட்டு வந்தால் இரு தரப்புக்கும் வசதி என்றும், அந்தப் பாக்கெட்டுகளைக் கவுண்ட்டரிலேயே வைத்திருக்கலாம் என்றும் ரிசர்வ் வங்கியே தன் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. எடையும் நூறும் சேர்ந்ததுதான் சில்லறையின் இலக்கணம்.

அந்த எடையில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஒரு ரூபாய் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1992-இல் தொடங்கிய வரிசையில் 4.85 கிராம், 25 மில்லிமீட்டர் அகலம். 2011-இல் 3.79 கிராம், 22 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. 2019-இல் 3.09 கிராம், 20 மில்லிமீட்டர். ஆகவே நூறு ஒரு ரூபாயின் எடை 485 கிராமாகவும் இருக்கலாம், 309 கிராமாகவும் இருக்கலாம். இது போதாதென்று, 2011-இல் வந்த இரண்டு ரூபாயைப் பழைய ஒரு ரூபாயின் அதே அகலத்தில், அதே எடையில் அடித்துவிட்டார்கள். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் ஆச்சரியமே இல்லை.

"உள்ள வந்து பாருங்க" என்றார் கேஷியர் மேடம். கூண்டுக்குள் இல்லை, கூண்டின் ஓரத்துக்கு. பணம் எண்ணும் அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் ஓரத்திலிருந்து தெரிந்ததே போதும். சுவரோரம் கழுத்தில் முடிச்சுப் போட்ட மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பந்திக்குக் காத்திருக்கும் விருந்தாளிகள் மாதிரி!

அச்சிலிருந்து தெள்ளார் வரை

இந்த மூட்டைகள் எங்கிருந்து வருகின்றன? நாணயம் அடிக்கும் உரிமை ரிசர்வ் வங்கிக்குக் கிடையாது. அது மத்திய அரசின் வேலை. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்று நான்கு ஆலைகள். உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி, விளிம்பை உருட்டி, சூட்டில் பதப்படுத்தி, கழுவி, கடைசியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. பத்து ரூபாய்க்கு மட்டும் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வட்டு. அந்த ஒரே அடியில் இரண்டும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். தாலிக்கு மூன்று முடிச்சு, இதற்கு ஒரே அடி.

ஆலையிலிருந்து ரிசர்வ் வங்கிக்கு, அங்கிருந்து பெரிய கிளைகளில் உள்ள 'கரன்சி செஸ்ட்' என்ற பெட்டகங்களுக்கு, அங்கிருந்து தெள்ளார் போன்ற சின்னக் கிளைகளுக்கு. நோட்டுக்கட்டுகள் வரும் வண்டியில் சில்லறையும் வந்து இறங்கும். நோட்டு இறங்கும்போது எல்லாரும் விறைப்பாக நிற்பார்கள். சில்லறை இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

சுமப்பது கஷ்டம், எண்ணுவது கஷ்டம், இடத்தையும் அடைக்கும். எந்த வங்கிக்குத்தான் சில்லறைமேல் ஆசை வரும்? அதனால் ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை தருகிறது. மக்களிடம் விநியோகிக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் முன்பு 25 ரூபாய். 2022 செப்டம்பரிலிருந்து 65 ரூபாய். கிராமப்புற, சிற்றூர்க் கிளைகளுக்கு அதற்கும் மேல் பத்து ரூபாய். ஆகவே மூட்டையைப் பிரித்து நமக்குப் பாக்கெட் தரும் மேடம் நமக்குத் தயவு காட்டுவதாக நினைத்துக் கூசவேண்டியதில்லை. தெள்ளாரில் காலியாகும் மூட்டை ஒவ்வொன்றும் வங்கிக்கு எழுபத்தைந்து ரூபாய்!

இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். "அது பேங்குக்கு சார். எனக்கு இடுப்பு வலிதான்" என்றார்.

யாரும் வாங்காத காசு

மற்ற ஊர் நண்பர்கள் என்மேல் பொறாமைப்படுவது இந்த இடத்தில்தான். அவர்கள் ஊரில் சில்லறை கேட்டால் வங்கியில் கையை விரிக்கிறார்கள். இங்கே பத்து ரூபாய் மட்டும் எப்போதும் தயார். காரணம், ஒரு வதந்தி.

வட மாவட்டங்களில் பல கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் ஏதோ பல்லியை நீட்டியதுபோலப் பின்வாங்குவார்கள். "அது செல்லாது சார்." ஏன்? "பத்து கோடு இருந்தா ஒரிஜினல், பதினஞ்சு கோடு இருந்தா டூப்பு." யார் சொன்னது? "எல்லாரும் சொல்றாங்க." எல்லாரும் யார் என்பதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

கதை இவ்வளவுதான். பத்து ரூபாய் நாணயம் மக்கள் கைக்கு வந்தது 2009-இல். தொழில்நுட்பத் தொடர்பைக் குறிக்கும் ஒரு வடிவத்தில், எண்ணுக்கு மேலே பதினைந்து கதிர்கள். 2011-இல் புதிய ரூபாய்க் குறியோடு வந்த வடிவத்தில் பத்துக் கதிர்கள். அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல், உடை மட்டும் வேறு. மக்கள் ஒருவனை அசல் என்றும் இன்னொருவனைப் போலி என்றும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது: அதுவரை வந்த பத்து ரூபாய் வடிவங்கள் 14, பதினான்கும் செல்லும். 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து அதையே சொல்லும் ஏற்பாடும் செய்தது.

வதந்தி அடங்கியபாடில்லை. 2022-இல் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர், யாரும் வாங்காத பத்து ரூபாய்களையே சேர்த்து 6 லட்ச ரூபாய் கொடுத்து கார் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்த எல்லாரும் அவர் சிரமத்தை நினைத்தார்கள். எனக்கு வந்த ஒரே கவலை: ஷோரூமுக்குக் கொடுக்கும் முன்னால் அந்த அறுபதாயிரம் காசையும் யாராவது புரட்டிப் பார்த்தார்களா?

அந்தப் பதினான்கு வடிவங்களில் என்னென்ன இல்லை! ஹோமி பாபா, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, வைஷ்ணவ தேவி, கயிறு வாரியம், தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி திரும்பிய நூற்றாண்டு, யோகா தினம், தேசிய ஆவணக் காப்பகம், அம்பேத்கர் 125. என் ஆல்பத்தில் பதின்மூன்று உட்கார்ந்துவிட்டன. அம்பேத்கர் இடம் மட்டும் காலி. நாணயக் கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும். ஆனால் எங்கள் ஆட்டத்தின் விதி அதுவல்ல. பத்து ரூபாயைப் பத்து ரூபாய்க்குத்தான் பிடிக்க வேண்டும். மேலே ஒரு பைசா கொடுத்தாலும் அது வேட்டை இல்லை, கொள்முதல்.

அதனால்தான் அந்த 'தொம்' கேட்டதும் எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி. ஆயிரம் ரூபாயை நீட்டினேன். பாக்கெட் ஒன்று கைக்கு வந்தது. எடை ஏறக்குறைய 770 கிராம். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பாயில் கொட்டிய வானம்

கண்ணாடி மேசையில் கொட்டினால் காசில் கீறல் விழும். சிமென்ட் தரையில் கொட்டினால் நாலு காசு பீரோவுக்கு அடியில் போய்த் தவம் இருக்கும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்தில் வந்தவாசி; கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பாயை விரித்து, மேலே பழைய வேட்டியை மடித்துப் போட்டு, நடுவில் கொட்டினால் ஒரு காசும் ஓடாது, ஒரு காசும் காயப்படாது.

இந்தச் சடங்குக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் நெசவுக்கார நண்பர். பட்டுத்தறியில் உட்கார்ந்து, பாவில் ஓர் இழை அறுந்தால் இருட்டிலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அவர் காசை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்தால் போதும்.

"ஸ்டாரு. ஸ்டாரு. புள்ளி. ஸ்டாரு. மொட்டை."

அவர் படிப்பது ஆண்டுக்குக் கீழே உள்ள ஆலைக்குறி. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வைரக்கட்டம் இருந்தால் மும்பை. உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாத மொட்டை என்றால் கொல்கத்தா. உங்கள் சட்டைப்பையில் இப்போதே ஒரு காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். நட்சத்திரம் தெரிகிறதா? இத்தனை வருடம் அதைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்தோமே என்று ஒரு சின்னச் சிலிர்ப்பு வருகிறது அல்லவா? அவ்வளவுதான். இனி உங்களால் டீக்கடையில் மீதிச் சில்லறையைப் பார்க்காமல் பையில் போட முடியாது. நோய் தொற்றிவிட்டது. வாழ்த்துகள்!

பழைய பாக்கெட் என்றால் ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும். 1980-களிலும் 90-களின் கடைசியிலும் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது அரசு வெளிநாட்டு ஆலைகளிடம் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் 'எச்' என்ற குட்டி எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் பிறந்தது. 2000-ஆம் ஆண்டின் கனமான ஐந்து ரூபாயில் ரஷ்ய எழுத்துகள் மூன்று இருந்தால், ஐயா, அது மாஸ்கோ! ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சாவிலிருந்தும், மெக்சிகோவிலிருந்தும், தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை உண்டு. கடல் தாண்டி வந்து, பேருந்துக் கண்டக்டர் பையில் குலுங்கி, பூக்காரம்மா சுருக்குப்பையில் தூங்கி, கடைசியில் எங்கள் பாயில். விசா இல்லாமல் வந்த விருந்தாளிகள்.

ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் தேடுவது நம் ஊர் மனிதர்களை. 2003-இல் நூற்றாண்டுக்காக வந்த காமராஜர். 2009-இல் வந்த அண்ணா. உருவத்தின் கீழே அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கும். தமிழ் எழுத்துள்ள காசு ஒன்று மணிப்பூரில் யாரோ ஒருவர் பையில் இருக்கலாம் என்று நினைத்தாலே எனக்குக் குஷி. 2010-இல் ஆயிரம் ஆண்டு கண்ட தஞ்சைப் பெரிய கோயில். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் நண்பர் தறியில் கூட உட்கார மாட்டார், அன்றைக்கு லீவு.

பழைய, கனமான ஐந்து ரூபாய்களைப் பிரிக்க ஒரு காந்தத் துண்டு போதும். ஒன்பது கிராம் எடையுள்ள செம்பு-நிக்கல் காசு காந்தத்தைக் கண்டுகொள்ளாது. 2007-இல் வந்த எஃகுக் காசு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செம்பு-நிக்கல் காசுகள் இப்போது அரிதாகத்தான் வருகின்றன. ஒரு காலத்தில் அவற்றை எல்லை தாண்டிக் கடத்திப்போய் உருக்கிச் சவர பிளேடு செய்தார்கள் என்று செய்திகள் வந்தன. உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டினால் காசுக்கு ஆயுள் குறைவுதான். 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த பதிலின்படி, ஒரு ரூபாயை அடிக்க ஆன செலவு 1 ரூபாய் 11 காசு. பத்து ரூபாய்க்கு 5 ரூபாய் 54 காசு. அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு ஒரு ரூபாயிலும் அரசு நமக்குப் பதினோரு காசு மொய் எழுதியது!

மொய்க்கவரும் உண்டியலும்

மொய் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு ரூபாய்க் காசுகள் ஊரில் எங்கே போய் ஒளிகின்றன என்று நெடுநாள் தேடினேன். விடை கல்யாண மண்டபத்தில் இருந்தது. நூற்றி ஒன்று, ஐந்நூற்றி ஒன்று என்று எழுதுகிற நம் வழக்கத்துக்காகவே ஒரு ரூபாயை முன்பக்கத்தில் ஒட்டி விற்கிறார்களே, அந்த மொய்க்கவர்! பளபளவென்று புத்தம்புதுக் காசு அதில் இருக்கும். ஆனால் முதுகில் பசை. சேகரிப்பவன் கண்ணில் அது, கல்யாணத்தன்றே மைக்கறை பட்ட பட்டுப்புடவை.

இன்னொரு சுரங்கம் கோயில் உண்டியல். திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கிரிவலம் முடிந்தபின் அருணாசலேசுவரர் கோயிலில் உண்டியல் எண்ணுவார்கள். எந்தெந்த ஊர்க் காசோ வந்து சேரும் இடம் அது. அந்தச் சில்லறை வங்கிக்குப் போய், பாக்கெட்டாகி, எங்கள் பக்கத்துக் கிளைகளுக்கும் வரத்தானே வேண்டும்? மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய காசு பாக்கெட்டில் வந்தால் நண்பர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "பிரசாதம் சார், இதுல போய் புள்ளியா ஸ்டாரான்னு பாக்காதீங்க" என்பார். பிறகு அவரே பார்ப்பார்.

ஒட்டிய குங்குமத்தைப் போக்கப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்கு அது அழகு, நாணயத்துக்கு அது கொலை. மேல்தோலோடு அதன் வயதும் போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், நடுவில் விரல் படவேண்டாம். இன்னொன்று: வைஷ்ணவ தேவி காசுக்குப் பத்து லட்சம், பழைய ஐந்து ரூபாய்க்கு இருபது லட்சம் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் யாரும் லட்சாதிபதி ஆவதில்லை. நஷ்டமும் படுவதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது எப்போதும் ஆயிரம் ரூபாய்தான். போட்ட பணம் பாயிலேயே கிடக்கிற சூதாட்டம் உலகத்தில் வேறு எது?

தெள்ளாற்று மண்

காசு பார்க்கத் தெள்ளாரைவிடப் பொருத்தமான ஊரும் எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்றது இங்கேதான். 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழியே அவன் பெயரோடு கல்வெட்டுகளில் ஒட்டிக்கொண்டது. பல்லவர் காசுகளில் நிற்பது காளை. மன்னன் பெயரிலும் நந்தி, காசிலும் நந்தி! ஆரணியைத் தாண்டினால் ஆற்காடு. அந்த ஊர்ப் பெயரில் நவாபு காலத்தில் புழங்கியது ஆற்காட்டு ரூபாய். அதைச் சென்னையில் ஆங்கிலேயரும் அடித்தார்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அடித்தார்கள். சென்னையின் தங்கசாலைத் தெரு பேர் சும்மா வரவில்லை. அந்த நாணயசாலை 1869-இல் மூடப்பட்டுவிட்டது.

காசுக் குவியலைப் பொறுமையாகப் புரட்டினால் வரலாறே மாறும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர். தேய்ந்துபோன செம்புத் துண்டில் ஒரு மன்னனின் பெயரைப் படிக்க அவருக்குக் கண் இருந்தது. எங்களுக்குப் புள்ளியும் நட்சத்திரமும் போதும்.

எண்பதுக்குப் பிறகு

அன்றைய பாக்கெட்டுக்கு வருகிறேன். நூறில் எண்பதைப் பார்த்து முடித்திருந்தோம். இரண்டு யோகா, ஒரு காந்தி, அச்சு கொஞ்சம் சுழன்று விழுந்த ஒரு காசு. இந்தியக் காசை இடமிருந்து வலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்கவேண்டும். இது குடித்தவன்போல் சாய்ந்து நின்றது. நான் பாயில் குதித்தேன். நண்பர், "வயசுக்குத் தகுந்த மாதிரி இருங்க" என்றார். அவர் குரலும் நடுங்கத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நண்பருக்கு ஆரணிக்குக் கடைசிப் பேருந்து. மிச்சம் இருபதையும் கைபேசி வெளிச்சத்தில் நானே பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

நாலு காசை எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பது ரூபாய். மீதி 960 ரூபாயை ஊருக்குள் விடவேண்டும். மறுநாள் காலை டீக்கடை.

"அண்ணா, பத்து ரூபா காயின் வேணாம். போணி நேரத்துல இம்சை பண்ணாதீங்க" என்றார் கடைக்காரர்.

வதந்தியைச் சொன்னேன், கதிரைச் சொன்னேன், பதினான்கைச் சொன்னேன். 14440 பற்றியும் சொன்னேன். ஒரு காசை நீட்டி நட்சத்திரத்தைக் காட்டினேன். பாலைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அட, ஆமா." இன்னொன்று கேட்டார். அதில் புள்ளி. "இது?" நொய்டா. "அப்ப இது?" பத்துக் காசு வரிசையாகக் கல்லாப் பலகையில் ஏறியது. டீ குடிக்க வந்த இரண்டு பேரும் தலையை நீட்டினார்கள். என் முகத்தில் பெருமிதம். வாத்தியார் வேலை பார்க்கிறேன் அல்லவா!

"அண்ணா, இதுல இன்னா ஆளு படம் இருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட முகம். ஒரு நொடி எனக்கு மூச்சே வரவில்லை. என் பாக்கெட்டிலிருந்து, என் கையால், என் கண் முன்னால் கல்லாவுக்குப் போன அம்பேத்கர். இருட்டில் சிங்கத் தலைப்பக்கத்தை மட்டும் பார்த்துத் தள்ளிய இருபதில் அவரும் இருந்திருக்கிறார்.

"அது... அதக் குடுங்க, வேற ஒண்ணு தர்றேன்" என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

கடைக்காரர் காசை வேட்டி முனையில் துடைத்தார். பின்னால் சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தின் சட்டத்துக்கு அடியில், ஊதுபத்திக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

"இது இங்கதான் இருக்கும்ணா" என்றார். "செலவு பண்ண மாட்டேன்."

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வாங்கவே மாட்டேன் என்றவர், இப்போது கொடுக்க மாட்டேன் என்கிறார். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, மணி பார்த்தேன். ஒன்பதரை. வங்கி திறக்க இன்னும் அரை மணி இருந்தது.